கோடு போனால் வீடு போச்சு: மையும் நீர்வண்ணமும் சேரும் இடத்தில் நடக்கும் தவறுகள்

ஞாயிறு காலையில் கும்பகோணம் மகாமகக் குளத்தின் படிகளில் நாங்கள் சிலர் உட்கார்ந்து வரைவோம். குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டாலும் மிச்சம் இருக்கும். போன வாரம் புதிதாக வந்த பையன் ஒருவன் பையிலிருந்து குட்டி மைப்புட்டி ஒன்றை எடுத்தான். மயில்கழுத்து நிறம். ஆட்டினால் உள்ளே பொன்தூள் மினுங்குகிறது. “அண்ணா, கோபுரம் முழுக்க இதுலதான் கோடு போடப்போறேன்” என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தண்ணீர் கூடிப்போவது, காய்வதற்குள் அடுத்த வண்ணத்தை வைப்பது, பிரஷ்ஷைக் குவளையில் நிற்கவிட்டு மறந்துபோவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. பத்துப் படம் கெட்டால் அவை தானாகப் போய்விடும். தானாகப் போகாதவை சில உண்டு.

கண்ணுக்குப் பிடித்த மையை வாங்குவது

சில வருடங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பூர்வீக வீட்டை வரைந்து தரச் சொன்னார். ஓட்டுக்கூரை, நீளத் திண்ணை, நாலு மரத்தூண், பித்தளைக் குமிழ் வைத்த கதவு. இடிக்கப்போகிறார்கள், அதற்குள் வேண்டும் என்றார். இரண்டு நாள் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தேன். முதலில் வண்ணம், நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் பேனாக் கோடு. கோட்டுக்குமேல் தண்ணீரே படப்போவதில்லை, அப்புறம் எந்த மையாக இருந்தால் என்ன என்று ஒரு கணக்கு. அப்போது என் ஃபவுன்டன் பேனாவில் இருந்தது காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு பழுப்பு மை. மரத்தூணுக்கென்றே காய்ச்சியதுபோல் இருக்கும். சார் 6,000 ரூபாய் கொடுத்தார். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

ஒன்றரை வருடம் கழித்து அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனேன். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரில் படம். கூரைக்குச் சிவப்பு இருந்தது, திண்ணைக்கு நிழல் இருந்தது, வீடு இல்லை. கோடு அத்தனையும் வெளிறி, தூண்கள் நின்ற இடத்தில் டீ சிந்திய கறைபோல் ஏதோ தெரிந்தது. சார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான், “வெயில் படுதோ என்னமோ தம்பி” என்றார். அதற்குள் நிஜ வீட்டையும் இடித்துவிட்டார்கள். என் போனில் இருந்த நாலு மங்கல் போட்டோவை வைத்து, மூன்று வார விடுமுறை நாள்களைச் செலவழித்து, காசு வாங்காமல் மறுபடி வரைந்தேன்.

நடந்தது இதுதான். சாதாரண ஃபவுன்டன் பேனா மை என்பது தண்ணீரில் கரைந்த சாயம். வெளிச்சம் அந்தச் சாயத்தை மெல்ல உடைக்கிறது. பழுப்பு, ஊதா, ரோஸ் போன்ற அழகு நிறங்களில் பல சீக்கிரமே போய்விடும். பிக்மென்ட் மையில் இருப்பது கரையாத நுண்துகள். கறுப்பு என்றால் பெரும்பாலும் கரித்துகள்தான், கரியை வெளிச்சம் ஒன்றும் செய்யாது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று போட்டிருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். தண்ணீரைத் தாங்குவது வேறு, வெளிச்சத்தைத் தாங்குவது வேறு.

அதற்காக இந்தியன் இங்க்கை ஃபவுன்டன் பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் அரக்கு கலந்திருக்கும், உள்ளே காய்ந்தால் பேனா அவ்வளவுதான். அது தொட்டு வரையும் நிப்புக்கானது. ஃபவுன்டன் பேனாவுக்கென்றே கார்பன் மை தனியாக விற்கிறது. அதையும் மாதக்கணக்கில் பேனாவிலேயே காயவிடக் கூடாது.

சந்தேகமா? வாங்கிய மைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு போட்டு, தாளில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அட்டையை எடுத்தால் எதை நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

எரிச்சல் என்னவென்றால், இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. படத்தைப் போனில் எடுத்து அன்றைக்கே இணையத்தில் போட்டுவிடுகிறவருக்கு எந்த மையும் சரிதான், அச்சுக்குப் போகும் படத்துக்கும் அப்படியே. சுவரில் மாட்டக் காசு வாங்குகிறவருக்குத்தான் சிக்கல். டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கு 1900இல் ஹென்றி வாஹன் என்பவரின் உயில்படி ஆங்கில ஓவியர் டர்னரின் 31 நீர்வண்ணப் படங்கள் வந்து சேர்ந்தன, ஜனவரியில் மட்டுமே காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அங்கே வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும் காலம் அது. நம் ஊரில் அப்படி ஒரு மாதம் ஏது?

புடவைக்கு வைக்கும் ரோஸ்

இதுவும் அதே வியாதிதான். கண்ணைப் பறிக்கும் ஓபரா ரோஸில் ஒளிரும் சாயம் சேர்ந்திருக்கிறது, அந்தப் பளபளப்புதான் முதலில் போகும். ட்யூபின் பின்பக்கம் எந்த நிறத்துகள் என்று சொல்லும் குறியீடு இருக்கும். அது பிஆர் 83 என்றிருந்தால் அது பழைய அலிசரின் சிவப்பு, அதுவும் மங்கும். பிவி 19 என்று போட்ட ரோஸை வாங்குங்கள். குறியீடே இல்லாத ட்யூபைப் பழகுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோடும் நிழல், வண்ணமும் நிழல்

மனோகர் தேவதாஸ் கண்பார்வை சுருங்கிக்கொண்டே வந்த காலத்திலும் மதுரையைக் கறுப்பு மையில் இழை இழையாக வரைந்தவர். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களில் கல்லின் வழவழப்புகூடத் தெரியும். இவர்களைப் பார்த்துத்தான் நான் பேனா எடுத்தேன். எடுத்து என்ன செய்தேன்? அதேபோல் நெருக்கமாகக் கோடு இழைத்து, அதன்மேல் நீலமும் பழுப்புமாக வண்ணத்தையும் பூசினேன். சேறு.

நிழலைக் கோட்டிடம் கொடுத்தால் வண்ணம் லேசாக ஒருமுறை ஓடினால் போதும். வண்ணத்திடம் கொடுத்தால் கோடு ஓரங்களை மட்டும் தொட்டுவிட்டு ஒதுங்க வேண்டும், அதுவும் எல்லா ஓரத்தையும் அல்ல. வெயில் விழும் பக்கம் கோட்டை அறுத்துவிடுங்கள். குளத்து மண்டபத்தின் வெயில் பக்கத்தைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், அங்கே ஓரமே இருக்காது.

தாள்

300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் கனம். அதற்குக் கீழே போனால் ஈரத்தில் அப்பளம்.

ஹேர் டிரையர்

வேண்டாம். வண்ணம் காய்வதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். ஐப்பசி மழையில் மட்டும் இரண்டு டீ.

வெள்ளை பெயின்ட்

தாளின் வெள்ளையை விட்டுவைக்கத் தெரியாமல் போனதை மூடத்தான் இது. எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கையெழுத்து

கோட்டுக்குப் பயன்படுத்திய அதே நல்ல மையில் போடுங்கள், கையில் கிடைத்த ஜெல் பேனாவில் அல்ல. மாற்றிக் கொடுத்தபோது வாங்கிவந்த அந்தப் பழைய வீட்டுப் படம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு அந்தப் பையனிடம் காட்டப்போகிறேன். அதில் கையெழுத்தும் பழுப்பு மைதான். இப்போது அதை யார் வரைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு நிம்மதி.