எல்லாப் போட்டிக்கும் அணி அனுப்பும் ஆசை: சிறிய பல்கலைக்கழக விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று பீடங்கள். 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 அன்று தனிப் பல்கலைக்கழகமானது. பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் எதிரே நிற்பவை பேராதனை, கொழும்பு, ஸ்ரீ ஜயவர்த்தனபுர போன்ற, பல மடங்கு மாணவர்களைக் கொண்ட நிறுவனங்கள். இந்த நிலையில் இருக்கும் எந்தச் சிறிய அரச பல்கலைக்கழகத்தையும் முதலில் பிடிக்கும் தவறு, பெரியவர்களின் பட்டியலைப் பார்த்துத் தன் பட்டியலை எழுதுவது.

துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், எல்லே, ஹொக்கி, றக்பி என்று எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டுப் பார்த்தால் அணிகள் பல, ஆட்கள் சிலர். முற்பகலில் கரப்பந்தாட்ட வலையருகே துள்ளியவனே பிற்பகலில் அஞ்சலோட்டக் கோலையும் வாங்குகிறான். இரண்டாம் நாள் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்ள, இரண்டு அணிகளும் ஒரே ஆளால் விழுகின்றன. இதை அர்ப்பணிப்பு என்று பாராட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. எனக்கு அது திட்டமின்மையாகவே படுகிறது.

ஆள் குறைந்த இடத்துக்கு ஏற்றவை தனிநபர் நிகழ்ச்சிகள். குண்டெறிதலுக்கு வேண்டியது 2.135 மீற்றர் விட்டத்தில் ஒரு சீமெந்து வட்டம், ஆண்களுக்கு 7.26 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ எடையில் குண்டுகள், பொறுமையான ஒரு பயிற்றுநர். ஒழுங்கான மணற்குழி ஒன்று இருந்தால் நீளம் பாய்தலையும் முப்பாய்ச்சலையும் அதிலேயே பழகலாம். பளுதூக்கல், சதுரங்கம், கரம், வீதி ஓட்டம் எதற்கும் பெரிய மைதானம் தேவையில்லை. ‘அப்படியானால் மற்றப் பிள்ளைகள் விளையாட வேண்டாமா?’ என்று கேட்பார்கள். பீடங்களுக்கிடையிலான போட்டிகளில் எல்லோரும் எல்லாவற்றையும் விளையாடட்டும், வெளியே அனுப்புவதைச் சிலவற்றோடு நிறுத்துங்கள் என்பதே என் பதில்.

அடுத்தது வெயில். வன்னியில் இதைத்தான் மிக மலிவாக எடுத்துக்கொள்கிறோம். ‘நாங்கள் வெயிலில் வளர்ந்த பிள்ளைகள்’ என்ற பேச்சு மைதானத்தில் எடுபடாது. வியர்வையால் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தாலே ஓட்டத்தின் தரம் இறங்கத் தொடங்கும். நீண்ட விடுமுறை முடிந்து வந்தவனின் உடல் வெப்பத்துக்கு மறுபடி பழகப் பத்து முதல் பதினான்கு நாட்கள் எடுக்கும். அந்த நாட்களில் பயிற்சியைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும். விடுமுறை முடிந்த முதற்கிழமையிலேயே முழுவேகப் பயிற்சி வைப்பதும், மயங்கி விழுந்தால் ‘உடற்தகுதி போதாது’ என்று சொல்வதும் பயிற்றுநரின் பிழை. வெப்பத் தாக்கம் என்று சந்தேகித்தால் முதலில் குளிர்விக்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்பைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்; அம்புலன்ஸுக்கு அழைப்பு அதே நேரத்தில் போகட்டும். முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும் அவசரத்தில் குளிர்விப்பதை மறந்துவிடக் கூடாது.

இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொற்றாசியம் அதிகம், சோடியம் குறைவு; வியர்வையோடு போவது பெரும்பாலும் சோடியம். நீண்ட பயிற்சிக்குப் பின் அளவாகக் கரைத்த ஜீவனி என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசலோ, உப்புப் போட்ட கஞ்சியோ அந்தக் குறையை நிரப்பும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு ஆபத்தானது. போட்டிக்கு முன் நோ மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது. டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் போன்றவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. உடலில் நீர் வற்றிய நேரத்தில் அந்தத் தாக்கம் கூடுகிறது. காரணம் திட்டமாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று. இங்கே ஒரு விளையாட்டு அணியின் மருந்துப் பெட்டியில் அந்த மாத்திரைகள் கேட்பவருக்கெல்லாம் கிடைக்கும்படி கிடக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலி மாதக்கணக்கில் தொடர்ந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். கிரவல் தரையில் தேய்ந்த சப்பாத்தோடு ஓடும் தூரத்தையும் குறைக்க வேண்டும்.

நேரம் எடுப்பதிலும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். கைக்கடிகாரத்தில் 100 மீற்றரை 10.9 செக்கனில் ஓடியவன் கொழும்பு சுகததாச அரங்கின் மின்னியல் கணிப்பில் 11.1 என்று கண்டால் மனம் உடைந்துபோகிறான். அவன் மெதுவாக ஓடவில்லை. கைக்கணிப்புக்கும் மின்னியல் கணிப்புக்கும் இந்தத் தூரத்தில் 0.24 செக்கன் வித்தியாசம் வைத்துக் கணக்கிடுவது மெய்வல்லுநர் துறையில் வழக்கம். சுண்ணாம்புக் கோட்டால் போட்ட ஓடுபாதையிலும் இதே சிக்கல் உண்டு. விளிம்புக்கட்டை இருந்தால் முதலாம் சுவட்டை அதிலிருந்து 30 சென்ரிமீற்றர் வெளியே அளக்க வேண்டும். வெறும் கோடு என்றால் 20 சென்ரிமீற்றர். கோட்டின் மேலேயே நாடாவைப் பிடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மீற்றருக்கு மேல் பிசகும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள முதன்மை வளாகத்திலிருந்து அறுபது கிலோமீற்றருக்கு மேல். இப்படிப் பிரிந்திருக்கும் அணியைப் போட்டிக்கு முந்திய கிழமை மட்டும் ஒன்றுகூட்டினால் அஞ்சலோட்டக் கோல் கைமாறுமா, விழுமா என்பது அதிர்ஷ்டத்தின் கையில்தான்.

பெண்கள் அணிக்கு மாலை ஆறு மணிக்குப் பின் பயிற்சி வைத்துவிட்டு ஆட்கள் வருவதில்லை என்று குறைப்படுவது வீண். விடுதி நேரத்தையும் கடைசி பஸ்ஸையும் முதலில் பாருங்கள். உடை மாற்றப் பூட்டுள்ள ஓர் அறை புதிய ஜேர்சியை விட அவசரமானது. மொழி விடயமும் இப்படித்தான். சிங்களம், தமிழ் பேசும் மாணவர்கள் சேர்ந்து ஆடும் அணியில் கட்டளைகள் ஒரே மொழியில் பறந்தால் பாதிப் பேர் அரைச் செக்கன் பிந்துவார்கள். பொதுவான பத்துச் சொற்களை முன்கூட்டியே தீர்மானித்தால் போதும்.

பகிடிவதைக்கு அஞ்சி முதலாம் வருட மாணவர்கள் மைதானப் பக்கமே வராமல் இருந்தால், நான்கு வருடப் பயிற்சியில் ஒன்று போய்விட்டது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியிருக்கிறது. ‘அணி ஒற்றுமைக்காக’ என்ற சமாதானத்துக்கு அதில் இடமில்லை.

கடைசியாக ஏடு. தலைவர் பட்டம் பெற்றுப் போகும்போது அணியின் நினைவும் அவரோடு போகிறது. யார் என்ன தூரம் எறிந்தார், எந்தக் கணிப்பில், எந்தத் தரையில், எப்போது காயம் பட்டார் என்பதை உடற்கல்வி அலகில் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். அணித்தலைவரின் கைபேசியில் இருப்பது பதிவேடு ஆகாது.