"எத்தனை மில்லி?": வார்டில் மருந்துப் பிழை தொடங்கும் இடம்

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். செவிலியர் படிப்பின் முதல் ஆண்டிலேயே இந்த ஐந்தையும் ஒப்பித்துவிடுகிறோம். ஒப்பிக்கத் தெரிந்த கையும் மூன்றாவதில் வழுக்குகிறது. மருத்துவர் மில்லிகிராமில் எழுதுகிறார். சிரிஞ்சில் ஏறுவதோ மில்லி லிட்டர். நடுவில் இருப்பது லேபிளில் அச்சிட்ட செறிவு, அதாவது எத்தனை மில்லி லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பது. "சிஸ்டர், எத்தனை மில்லி போடணும்?" என்று பக்கத்து மேசையில் கேட்டு வாங்கிக்கொள்கிறவர் அந்த லேபிளைப் பார்க்காமலே தாண்டிவிடுகிறார். "ஒரு ஆம்பூல்", "அரை வயல்" என்று குப்பிக் கணக்கில் சொல்வதும் இதே வகைதான்.

கணக்கு எளியது: வேண்டிய அளவை லேபிளில் உள்ள அளவால் வகுத்து, அந்த அளவு எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். நேற்று போட்ட அதே மருந்துதானே என்று விடாமல், ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். மருந்துக் கிடங்கிலிருந்து இன்று வேறு செறிவு வந்திருக்கலாம்.

இன்சுலின்: சிவப்பு மூடியும் ஆரஞ்சு மூடியும்

இந்தியாவில் இன்சுலின் வயல் இரண்டு செறிவில் கிடைக்கிறது. ஒன்றில் மில்லிக்கு 40 யூனிட், மற்றதில் 100. யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100க்கு ஆரஞ்சு மூடி. ஒரு மில்லி இடத்தை முன்னது 40 கோடுகளாகவும் பின்னது 100 கோடுகளாகவும் பிரிக்கிறது. ஆகவே '20' என்ற கோடு இரண்டிலும் ஒரே கொள்ளளவைக் காட்டாது.

20 யூனிட் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யு-40 மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.2 மி.லி. வரும், உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லை என்று அடுத்த நாள் அளவைக் கூட்டுவார்கள், பிழை அதன் மேல் ஏறி உட்காரும். தலைகீழாக நடந்தால் உயிருக்கே ஆபத்து. யு-100 மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 0.5 மி.லி., அதாவது 50 யூனிட். பேனா ஊசியின் கார்ட்ரிட்ஜில் இருப்பது வழக்கமாக யு-100. பேனா பழுதென்று அதில் சிவப்பு மூடிச் சிரிஞ்சைக் குத்தி இழுப்பது இந்த விபத்துக்கு நேர்வழி. யு-40 மருந்து, ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு என்றால் "இரண்டரையால் பெருக்கிக்கொள்ளலாம்" என்று சிலர் சமாளிப்பார்கள். இரவு டூட்டியின் கடைசி மணி நேரத்தில் அந்தப் பெருக்கலை நம்ப முடியாது. பொருந்தும் சிரிஞ்சை வரவழைப்பதே வழி.

கேஸ் ஷீட்டில் 'யூனிட்' என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். ஆங்கில எழுத்தால் சுருக்கினால் அது பூஜ்யம்போலத் தெரியும். 10 யூனிட்டை 100 என்று படித்துவிடுவார்கள். தசமப் புள்ளிக்கு முன் பூஜ்யம் வேண்டும் (0.5), பின்னால் தேவையில்லாத பூஜ்யம் கூடாது (5.0 வேண்டாம், 5 போதும்).

கலங்கலான இன்சுலினைக் குலுக்கக் கூடாது; உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறையாவது உருட்ட வேண்டும். இரண்டைக் கலப்பதானால் தெளிந்ததை முதலில் இழுத்து, கலங்கலைப் பிறகு இழுக்க வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினான கிளார்ஜின் தெளிவாக இருந்தாலும் எதனோடும் கலக்கக் கூடாது. விரைவாக வேலை செய்யும் இன்சுலினைச் சாப்பாட்டுத் தட்டு படுக்கைக்கு வந்த பிறகு போடுவதே நல்லது. சாப்பாட்டு வண்டி தாமதமாவது எல்லா வார்டிலும் உண்டு.

ஒரே பெயர், வேறு செறிவு

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் 5 மி.லி. வயலில் மில்லிக்கு 1,000 யூனிட் உள்ளதும் உண்டு, 5,000 உள்ளதும் உண்டு. 5,000 யூனிட் வேண்டுமென்றால் முதலாவதில் முழு வயல், இரண்டாவதில் 1 மி.லி. மட்டும். "வயல் முழுசும் போடுங்க" என்ற பழக்கத்தில் இரண்டாவதை ஏற்றினால் 25,000 யூனிட் போய்விடும். இதற்கு இரண்டு பேர் தனித்தனியே கணக்குப் போட்டு, விடையை ஒப்பிட வேண்டும். ஒருவர் போட்ட கணக்குக்கு மற்றவர் தலையாட்டுவது இரட்டைச் சரிபார்ப்பு ஆகாது.

குழந்தைகளுக்கான பாராசிட்டமாலும் இப்படித்தான். சிரப்பில் 5 மி.லி.க்கு 120, 125, 250 மி.கி. என்று உண்டு, சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மி.கி. 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 150 மி.கி. தேவை: 125 சிரப் என்றால் 6 மி.லி., 250 என்றால் 3, சொட்டு மருந்து என்றால் 1.5. வெறுமனே "ஆறு மில்லி கொடுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினால், வீட்டில் இருப்பது சொட்டு மருந்தாக இருந்தால் 600 மி.கி. போகும். அம்மாவிடம் பாட்டிலைக் காட்டி, சிரிஞ்சில் கோடு போட்டுக் கொடுங்கள்.

அட்ரினலின் 1 மி.லி. ஆம்பூலில் 1 மி.கி. இருக்கிறது, அதுதான் ஆயிரத்தில் ஒன்று. கடும் ஒவ்வாமையில் பெரியவருக்கு 0.5 மி.லி.யைத் தொடையின் வெளிப்பக்க நடுவில், தசைக்குள் போட வேண்டும். பதற்றத்தில் அதை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

பிரசவ வார்டில், கர்ப்பகால வலிப்புக்குக் கொடுக்கும் மெக்னீசியம் சல்பேட். 50% ஆம்பூல் 2 மி.லி.யில் 1 கிராம். 4 கிராமை நரம்பில் கொடுக்க நான்கு ஆம்பூல், அதாவது 8 மி.லி.; அதோடு 12 மி.லி. என்.எஸ். (நார்மல் சலைன், உப்புக் கரைசல்) சேர்த்தால் 20 மி.லி., 20% கரைசல். இதை மெதுவாகத்தான் தள்ள வேண்டும். நீர்க்காத 50% தசைக்கு மட்டும். அடுத்த டோஸுக்கு முன் மூன்றைப் பாருங்கள்: முழங்கால் அனிச்சை வருகிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையவில்லையா, சிறுநீர் மணிக்கு 30 மி.லி. வருகிறதா. ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். இதற்கு முறிமருந்தான 10% கால்சியம் குளுக்கோனேட் அதே தட்டில் இருக்கட்டும், அலமாரியில் வேண்டாம்.

வேகமும் ஓர் அளவுதான்

பொட்டாசியம் குளோரைடு 15% ஆம்பூல் 10 மி.லி.யில் 20 மில்லிஈக்விவலென்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு). இதை நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். நீர்த்தல் இல்லாமல் ஒரு துளியும் போகக் கூடாது. காய்ச்சி வடித்த நீரின் ஆம்பூலும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம்; அதனால்தான் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்கிறோம்.

இதிலும் பலர் கவனிக்காத தவறு ஒன்று உண்டு: தொங்கிக்கொண்டிருக்கும் பாட்டிலில் ஊசியால் சேர்ப்பது. பொட்டாசியம் கனமானது, அடியில் தங்கும், அடியில்தான் குழாய் இருக்கிறது. முதல் சில நிமிடங்களில் போவது நீர்க்காத மருந்தே. பாட்டிலை இறக்கி, சேர்த்து, பத்து முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, லேபிள் ஒட்டிய பிறகே மாட்ட வேண்டும். 500 மி.லி.யில் ஓர் ஆம்பூல் சேர்த்து 4 மணி நேரத்தில் விட்டால் மணிக்கு 5 மில்லிஈக்விவலென்ட் போகும். சாதாரண வார்டில் மணிக்கு 10ஐத் தாண்டக் கூடாது. சிறுநீர் போகாத நோயாளிக்கு ஆரம்பிக்கவே வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

சொட்டுக் கணக்கு: மொத்த மி.லி.யைச் செட்டின் (மருந்து இறங்கும் குழாயின்) சொட்டு எண்ணால், அதாவது ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்பதால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். மேற்சொன்ன பாட்டில் 20 சொட்டு செட்டில் 500 × 20 ÷ 240, ஏறக்குறைய நிமிடத்துக்கு 42 சொட்டு. 15 சொட்டு செட்டில் 31தான். அந்த எண் செட்டின் உறையில் அச்சாகியிருக்கும். உறையைக் கிழித்ததும் குப்பையில் போடும் கைதான் பிறகு தடுமாறுகிறது.

வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் குளுக்கோஸில் கலந்தால் படிகமாகிவிடும், என்.எஸ். மட்டுமே. மில்லிக்கு 50 மி.கி., பெரியவருக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் கூடாது. வேகம் கூடினால் ரத்த அழுத்தம் சரியும். ஆன்டிபயாட்டிக்கான வான்கோமைசின் 1 கிராம் ஏற ஒரு மணி நேரமாவது ஆக வேண்டும். அவசரப்பட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான செஃப்ட்ரையாக்சோனை ஆர்.எல்.லில் (ரிங்கர் லாக்டேட்) கலக்காதீர்கள், அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படியும். மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெய்னில் கரைத்த செஃப்ட்ரையாக்சோன் தசைக்கு மட்டும்.

மூக்குக் குழாய் வழியே கொடுப்பதற்காக எல்லா மாத்திரையையும் இடிப்பது தவறு. மெதுவாகக் கரையும் மாத்திரையை இடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கும்.

சிரிஞ்சிலிருந்து நோயாளி வரை

இழுத்த சிரிஞ்சில் பெயர், அளவு, நேரம் எழுதாமல் தட்டில் வைத்தால், ஐந்து நிமிடத்தில் அது யாருக்கும் தெரியாத தண்ணீர். அதைப் போடக் கூடாது, கொட்டிவிட வேண்டும். படுக்கை எண் அடையாளம் ஆகாது. காலையில் படுக்கை மாற்றியிருப்பார்கள். "நீங்கதானே முருகன்?" என்று கேட்டால் காது மந்தமானவரும் தலையாட்டுவார். "உங்க பேர் சொல்லுங்க ஐயா" என்று கேட்டு, கைப்பட்டையில் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணோடு ஒப்பிடுங்கள். தொலைபேசி உத்தரவை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். "பதினைந்தா ஐம்பதா" என்பது அப்போதுதான் தெளியும். கொடுப்பதற்கு முன் கையெழுத்துப் போட்டுவைத்தால், மறுத்த நோயாளியும் மருந்து வாங்கியவராகிவிடுவார்.

பிழை நேர்ந்துவிட்டால் மருந்தை நிறுத்தி, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு பார்த்து, மருத்துவரை உடனே அழையுங்கள். இன்சுலின் என்றால் கையோடு சர்க்கரை பாருங்கள். ஹெப்பாரின் என்றால் அதன் முறிமருந்தான புரோட்டமின் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆம்பூலையும் சிரிஞ்சையும் எறியாதீர்கள். எது எவ்வளவு போனது என்பதற்கு அவைதான் சாட்சி. கேஸ் ஷீட்டில் கொடுத்த அளவு, நேரம், யாரிடம் எப்போது சொன்னீர்கள் என்பதை எழுதுங்கள். தவறாக எழுதியதை ஒரே கோட்டால் அடித்துப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள்; மேலே கிறுக்கி மறைக்க வேண்டாம்.