டூல் விளக்கம் எழுதும்போது எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஏஐ ஏஜென்ட் (மொழி மாடல் தானே டூல்களைக் கூப்பிட்டு வேலையை முடிக்கும் மென்பொருள்) செய்யப் பழகுகிறவர்களின் வேலையை அடிக்கடி பார்க்க நேர்கிறது. நிரல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். டூல், அதாவது மாடல் கூப்பிடுவதற்கென்று நாம் எழுதித்தரும் ஃபங்ஷன்; அதன் விளக்கத்துக்கு வந்தால் அவசரத்தில் தட்டிய ஒற்றை வரி. நானும் அந்த வழியாக வந்தவன்தான் என்பதால் திட்டவும் மனம் வருவதில்லை. எழுத்துப்பிழை, விட்டுப்போன அடைப்புக்குறி எல்லாம் எடிட்டரே காட்டிக்கொடுக்கும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நீங்கள் எழுதிய நிரல் மாடலுக்குத் தெரியாது. டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர்களின் ஸ்கீமா (என்னென்ன மதிப்புகள், எந்த வடிவில் என்ற பட்டியல்), இவ்வளவுதான் அதன் கைக்குப் போகிறது. 2023 ஜூனில் மாடல் டூலைக் கூப்பிடும் வசதியான ஃபங்ஷன் காலிங்கை ஓப்பன்ஏஐ கொண்டுவந்தபோதும் இதே கதைதான்; 2024 நவம்பரில் டூல்களை மாடலோடு இணைப்பதற்கான பொது நெறிமுறையான எம்சிபியை ஆந்த்ரோபிக் வெளியிட்ட பிறகும் இதே கதைதான்.

எல்லையைச் சொல்லாமல் விடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆன்லைனில் துணி விற்கும் ஒரு கடைக்கு வாடிக்கையாளர் சேவை ஏஜென்ட் செய்திருந்தார்கள். அதில் சர்ச்_ஆர்டர்ஸ் என்று ஒரு டூல். விளக்கம்: "வாடிக்கையாளரின் ஆர்டர்களைத் தேடும்." உள்ளே இருந்த குவெரியோ (டேட்டாபேஸில் தேடும் கட்டளை) கடைசி 90 நாள் ஆர்டர்களை மட்டும்தான் எடுக்கும். பழையவை வேறு டேபிளில் இருந்தன. ஜனவரியில் புடவை வாங்கிய ஒருவர் மே மாதம் வந்து ரீஃபண்ட் என்ன ஆயிற்று என்று கேட்டார். டூல் காலிப் பட்டியலைத் திருப்பியது. ஏஜென்ட் மிகுந்த பணிவோடு, "உங்கள் கணக்கில் அப்படி ஓர் ஆர்டரே இல்லை" என்று சொல்லிவிட்டது. அவர் பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிச் சண்டைக்கு வந்தார்.

எரிச்சல் இதற்கு அப்புறம்தான். "மாடல் கதை விடுகிறது" என்று முடிவுகட்டி, சிஸ்டம் ப்ராம்ப்டில் (மாடலுக்கு முன்கூட்டியே தரும் பொது அறிவுரையில்) "பொய் சொல்லாதே, கவனமாகப் பதில் சொல்" என்று சேர்த்தார்கள். பலனில்லை. விலை கூடிய மாடலுக்கு மாறினார்கள். அது அதே தவறான பதிலை இன்னும் அழகான தமிழில் சொன்னது. மாடல் கதை விடவே இல்லை. கடைக்குப் புதிதாக வந்த பையனிடம் குடோன் ஒன்று இருப்பதையே சொல்லாமல் விட்டால், அலமாரியைப் பார்த்துவிட்டு "சரக்கு இல்லை" என்றுதான் சொல்வான்.

இப்படி எழுதியிருக்க வேண்டும்: "வாடிக்கையாளர் எண்ணை வைத்து, கடந்த 90 நாள் ஆர்டர்களை மட்டும் தேடும். புதியது முதலில், அதிகபட்சம் 20 வரும். அதற்கு முந்தையவற்றுக்கு சர்ச்_ஆர்க்கைவ் பயன்படுத்தவும். காலிப் பட்டியல் வந்தால், இந்த 90 நாளில் ஆர்டர் இல்லை என்று மட்டுமே பொருள்."

முடிந்தால் திரும்பி வரும் தகவலிலும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தேடியது என்பதைச் சேர்த்துவிடுங்கள். பதிலை எழுதும் நேரத்தில் மாடலின் கண்முன் இருப்பது அதுதான்.

இதன் இன்னொரு முகம் இன்னும் மோசம். டேட்டாபேஸ் பதில் சொல்லாமல் டைம்அவுட் ஆனால், அந்த எரரைப் பிடித்து விழுங்கிவிட்டுக் காலிப் பட்டியலைத் திருப்பும் நிரல். "கிடைக்கவில்லை" என்பதும் "தேடவே முடியவில்லை" என்பதும் மாடலுக்கு ஒன்றாகிவிடும். எவ்வளவு நல்ல விளக்கம் எழுதினாலும் இதைக் காப்பாற்ற முடியாது. எரரை எரராகவே திருப்புங்கள். எம்சிபியில் இதற்கென்றே இஸ்எரர் என்று ஒரு ஃபீல்டு இருக்கிறது. கூடவே "தொடர்பு கிடைக்கவில்லை, மீண்டும் முயலலாம்" என்று ஒரு வரி வைத்தால் அடுத்து என்ன செய்வது என்று மாடலுக்குப் புரியும்.

அலகைச் சொல்லாத எண்கள்

ஆன்லைன் பணப்பரிமாற்றச் சேவைகளான ரேசர்பே, ஸ்ட்ரைப் இரண்டுமே ரூபாய்த் தொகையைப் பைசாக் கணக்கில்தான் கேட்கும். விளக்கத்தில் வெறுமனே "தொகை" என்று இருந்தால் 500 ரூபாய்க்கு மாடல் 500 என்றே அனுப்பும். வாடிக்கையாளருக்கு 5 ரூபாய் ரீஃபண்ட் போய்ச் சேரும். "தொகை, பைசாவில்; 500 ரூபாய்க்கு 50000" என்று எழுதுங்கள். தேதியும் அப்படித்தான். 05/06/2025 நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. 2025-06-05 என்று ஓர் உதாரணம் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

ஒரே வேலைக்கு இரண்டு டூல்

கெட்_கஸ்டமர் ஒன்று, ஃபைண்ட்_யூசர் ஒன்று. எதை எப்போது கூப்பிடுவது என்று எழுதியவருக்கே தயக்கம். ஒன்றாக்குங்கள். முடியாதென்றால், எப்போது இதைப் பயன்படுத்தக்கூடாது என்பதை இரண்டிலும் எழுதுங்கள்.

ஏபிஐ ஆவணத்தை அப்படியே ஒட்டுவது

பொதுவாக ஒவ்வொரு அழைப்பிலும் எல்லா டூல்களின் விளக்கமும் கூடவே போகிறது; டோக்கனுக்கு (மாடல் படிக்கும் சொல் துண்டுகளுக்கு) ஆகும் காசு உங்களுடையது. நிரல் தன்னை அடையாளம் காட்ட அனுப்பும் ஆத்தென்டிகேஷன் ஹெடரைப் பற்றி மாடலுக்கு என்ன கவலை?

"கண்டிப்பாக இதையே பயன்படுத்து!"

விளக்கத்தில் இப்படி எழுதினால், வாடிக்கையாளர் வணக்கம் சொன்னால்கூட மாடல் டூலைக் கூப்பிடும்.

பதிலை மட்டும் பார்த்துச் சோதிப்பது

பதில் சரியாக இருந்தாலும் வழி தப்பாக இருக்கலாம். எந்த டூலை, என்ன மதிப்புகளோடு கூப்பிட்டது என்ற லாகைப் படியுங்கள். வாடிக்கையாளர்கள் உண்மையில் கேட்ட கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, விளக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் அத்தனையையும் மறுபடி ஓட்டுங்கள். பட்டியலில் 90 நாளைத் தாண்டிய ஆர்டர் ஒன்றாவது இருக்கட்டும்.