ஏ.சி. தண்ணீர்க் குழாய் அடைபடாமல் காப்பது எப்படி?

மதுரையில் சித்திரைத் திருவிழாவை ஒட்டித்தான் பெரும்பாலான வீடுகளில் ஏ.சி.யைச் சுத்தம் செய்து ஓட்டத் தொடங்குகிறோம். ஆனால் அதன் தண்ணீர்க் குழாய் நம்மைச் சோதிப்பது ஐப்பசியில்தான். கோடையில் காற்று காய்ந்து கிடப்பதால் இன்டோர் யூனிட்டின் குளிர்ந்த காயிலில் படியும் நீர் குறைவாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் காற்றில் ஈரம் ஏறியதும், ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் தண்ணீர் வடிக்கக்கூடும். அதுவரை பாதி அடைபட்டிருந்த குழாய் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போக, காயிலுக்கு அடியில் நீரைப் பிடிக்கும் ட்ரே நிரம்பித் தண்ணீர் சுவர் வழியே இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. பார்க்க வந்த மெக்கானிக், குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கிறது என்று நிரப்பிவிட்டுச் சென்றார். மூன்றாம் நாளே மறுபடி ஒழுகியது. சன்ஷேடுக்கு மேலே ஏணி வைத்துப் பார்த்தபோது, இரண்டு கிளாம்ப்புகளுக்கு நடுவே ஹோஸ் தூளி போலத் தொய்ந்து கிடந்தது. அந்த இடத்தை விரலால் அழுத்தினால் உள்ளே கொழகொழவென்று ஏதோ நகர்ந்தது. அறுத்துப் பார்த்ததில், ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சியைப் போன்ற சாம்பல் நிற வழும்பு ஒரு சாண் நீளத்துக்கு அடைத்திருந்தது. நம் ஊர் ஆடிக் காற்றில் வரும் புழுதி ஃபில்டரைத் தாண்டிக் காயிலில் ஒட்டி, தண்ணீரோடு கழுவப்பட்டுக் குழாய்க்குள் தங்குகிறது; அதில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்துதான் இந்த வழும்பு உண்டாகிறது.

ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது வாட்டம், அதாவது குழாயின் சரிவு. இந்தக் குழாயில் தண்ணீரைத் தள்ள மோட்டார் எதுவும் இல்லை. வாட்டம் ஒன்றே அதை வெளியே கொண்டுபோகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்குக் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். இடம் இருந்தால் இரண்டு சென்டிமீட்டர் கொடுப்பதே நல்லது. மாசி வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியிருப்பதால், குழாயை முற்றத்துக்கோ கொல்லைப்புறத்துக்கோ நீளமாக இழுக்க வேண்டியிருக்கும். அங்கே நெளி ஹோஸை நம்பாமல், முக்கால் அங்குலம் அல்லது ஒரு அங்குல பி.வி.சி. குழாயைப் போட்டு, தொய்வு விழாதபடி நெருக்கமாகக் கிளாம்ப் அடித்து, கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து வாட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெயில் படும் இடத்தில் ஹோஸ் சில ஆண்டுகளில் மொறுமொறுப்பாகி வெடித்துவிடும் என்பதும் பி.வி.சி.யை விரும்பக் காரணம். அறைக்குள்ளேயோ சுவருக்குள்ளேயோ போகும் பகுதிக்குக் கருப்பு ஃபோம் உறை மாட்ட வேண்டும். இல்லையென்றால் குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய் வெளிப்புறம் வியர்த்து, அதுவும் ஒழுகலைப் போலவே சுவரை நனைக்கும்.

குழாயின் வெளி முனை தண்ணீரில் மூழ்கவே கூடாது. செடிக்கு ஊற்றலாம் என்று வாளியில் பிடிப்பவர்கள் (நல்ல பழக்கம்தான்) வாளி நிறைந்தாலும் முனை நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கும்படி கட்டிவைக்க வேண்டும். கழிவுநீர்க் குழாயோடு நேரடியாக இணைத்தால் சாக்கடை நாற்றம் அறைக்குள் ஏறும். ஏ.சி. ஓடாத மார்கழி, தை மாதங்களில் குளவி அந்தத் துவாரத்தில் மண் வைத்து அடைத்துவிடுவதும் உண்டு. அதற்காகக் கொசுவலையைக் கட்டினால் வழும்பு அதிலேயே தேங்கிவிடும். சற்றுப் பெரிய கண்ணுள்ள கம்பி வலையை மாட்டி மாதம் ஒருமுறை பார்ப்பதே போதுமானது.

ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு, மழைக்கு முன்பாக, புரட்டாசியில் ஒரு நாள் குழாயைச் சோதித்துவிடுங்கள். ஏ.சி.க்கு மின்சாரம் தரும் எம்.சி.பி. சுவிட்சை அணைத்து, ஃபில்டரைக் கழற்றி, மின் இணைப்புகள் உள்ள பக்கத்தைத் தவிர்த்து, காயிலின் மீது அரை லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். வெளி முனையில் அது தடையில்லாமல் வந்தால் கவலையில்லை. சொட்டுச் சொட்டாக வந்தால், ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை வெளி முனையில் வைத்து, இடைவெளியை ஈரத்துணியால் இறுக்கி, இரண்டு மூன்று நிமிடம் இழுக்க வேண்டும். வெளியிலிருந்து உள்நோக்கி ஊதக் கூடாது. அழுக்கு முழுவதும் ட்ரேக்கே திரும்பிப் போகும். புளோயர் கொண்டுவரும் மெக்கானிக்கிடம், ஹோஸைக் கழற்றி மேலிருந்து கீழாக ஊதும்படி கேளுங்கள். பிளீச்சிங் கரைசல் காயிலின் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அதை ஊற்ற வேண்டாம். வினிகரோடு அது சேர்ந்தால் நச்சு வாயுவான குளோரின் உண்டாகும்.

குழாய் சுத்தமாக இருந்தும் ஒழுகினால், முன்மூடியைத் திறந்து காயிலில் பனிக்கட்டி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் அடைபட்டுக் காற்றோட்டம் குறைந்தாலோ, உண்மையிலேயே கேஸ் கசிந்திருந்தாலோ காயில் உறைந்துபோகும். அது உருகும்போது தண்ணீர் ட்ரேக்கு வெளியே சிந்தும். உடனே ஏ.சி.யை அணைத்து, கட்டியைக் குத்திப் பெயர்க்காமல் தானாக உருகவிட்டு, ஃபில்டரைக் கழுவி மாட்டுங்கள். மறுபடியும் உறைந்தால் மெக்கானிக்கை அழைத்து, கேஸ் நிரப்புவதற்கு முன் கசிவு எங்கே என்பதைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்லுங்கள்.