சில்லர் நின்றால் கைகொடுக்கும் பாட்டில்

ஒரு லிட்டர் பாட்டிலில், ஐஸ் விரிய நாலு விரல் இடம் விட்டுத் தண்ணீர் பிடித்து, இறுக மூடி, ஃப்ரீசரில் எப்போதும் இரண்டு வைத்திருங்கள். குளிர்கடல் அனிமோன் (பூப்போல இருக்கும் கடலுயிரி), நட்சத்திர மீன் இருக்கும் தொட்டியில் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி, நின்றுபோனால் ஒன்றை அப்படியே மிதக்கவிடலாம். ஒரு கிலோ ஐஸ் உருகினால் 80 லிட்டர் தண்ணீர் சுமார் 1 டிகிரி செல்சியஸ் குளிரும். மேலே குளிர்ந்த நீர் தானாகவே கீழே இறங்கிக் கலக்கும். மூடியைத் திறந்து ஐஸைக் கொட்டிவிடாதீர்கள். உப்பு நீர்த்துப்போகும், நட்சத்திர மீனுக்கு அது ஆகவே ஆகாது.

20 லிட்டர் தொட்டிக்கு இது சரிவராது, ஒரே பாட்டிலில் 4 டிகிரி சரிந்துவிடும். சில்லரே வாங்காமல் பாட்டிலை வைத்தே காலம் தள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.