நன்னாரி திரும்பத் துளிர்த்தா வேர் தேறிட்டுது எண்டு அர்த்தமில்லை

திருகோணமலை மாவட்டத்தில கன்னியா, மூதூர், வெருகல் பக்கக் காடுகளில மூலிகை எடுக்கிறாக்கள் கனபேர் விடுற பெரிய பிழை இதுதான்: போன வருசம் கிண்டின இடத்தில கொடி துளிர்த்து நிண்டா, ஆ வந்திட்டுது எண்டு அதே இடத்தில திரும்பவும் அலவாங்கைப் போடுறது.

உதாரணத்துக்கு நன்னாரியைப் பாருங்கோ. சரக்கு முழுக்க வேரிலதான். ஒரு துண்டு மண்ணுக்குள்ள மிஞ்சினா துளிர் வரும்தான், ஆனா அந்தத் துளிர் வாறதே வேரில மிச்சமிருந்த சாப்பாட்டைத் திண்டுதான், இனி இலை விட்டு வெயில் பிடிச்சு வேர் திரும்பத் தடிக்கிறதுக்குக் கன காலம் வேணும், அதுக்குள்ள கிண்டினா அடுத்தமுறை ஈர்க்குத் தடிப்பில ஒரு வேர்தான் கையில வரும். பூக்காது, காய்க்காது, பஞ்சு விதை பறக்காது. மேல பார்த்தா பச்சைதான், குனிஞ்சு தேடினா புதுக் கண்டு ஒண்டும் இராது.

"நான் கொஞ்சம்தானே எடுத்தனான்" எண்டும் சொல்லாதீங்கோ, உங்களுக்குப் பிறகு வாறவரும் அதே இடத்தில அதே கொஞ்சத்தைத்தான் எடுப்பார்.

நிலவேம்பு வேற மாதிரி. அது அநேகமா ஒரு வருசச் செடி, விதைதான் அதுக்குக் கதி. பூக்கத் தொடங்கக்கதான் மருந்துச் சத்துக் கூட, அப்ப பிடுங்குறதும் சரிதான், ஆனா ஒண்டு விடாம பிடுங்கினா விதை எங்கயிருந்து விழுறது? அதோட வாளிப்பானதை எல்லாம் எடுத்திட்டு நோஞ்சானை மட்டும் விட்டிட்டு வருகினம். எனக்கு இதைப் பார்க்கத்தான் சரியான கவலை, அடுத்த வருசம் முளைக்கிறது முழுக்க அந்த நோஞ்சான்ர விதையில எல்லோ. நல்ல செடியில கொஞ்சத்தைக் காய் முத்தி வெடிக்குமட்டும் விடுங்கோ.

ஆத்தோர மருதில பட்டையைச் சுத்திவர உரிக்கவே கூடாது. இலை சமைக்கிற சாப்பாடு பட்டைக்குள்ளாலதான் வேருக்கு இறங்குது, வேர் பட்டினி கிடந்தா மரம் பட்டுப்போகும். ஒரு பக்கத்தில சின்னக் கீலமா எடுங்கோ, அது மூடுமட்டும் மற்றப் பக்கம் கத்தி வைக்க வேண்டாம். ஒதுக்குக் காட்டுக்குள்ள அனுமதியில்லாம எடுக்கிறது இலங்கையின்ர 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டப்படி குற்றமும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ர கோணேசபுரி வளாகத்தில சித்த மருத்துவம் படிச்சுப் பிள்ளைகள் வெளிய வருகினம், அவையளுக்கும் நாளைக்குச் சரக்கு வேணும். சீந்திலுக்கெண்டா காட்டுக்குப் போகவே தேவையில்லை, விரல் தடிப்பில ஒரு தண்டை வெட்டி ஐப்பசி மழையோட வேலியில நிக்கிற வேம்புக்குக் கீழ ஊண்டிவிடுங்கோ, தானா ஏறும்.