சுளித்த முகத்தோடு பேசிப் பழகுதல்: ஏ.ஐ., வி.ஆர். உதவியுடன் உரையாடல் பயிற்சி

சங்கடமான ஒரு பேச்சை நேரில் பேசுவதற்கு முன் ஒத்திகை பார்க்க ஆள் கிடைப்பது அரிது. நண்பரை எதிரில் உட்கார வைத்தால் பாதியில் சிரித்துவிடுவார். கண்ணாடி முன் பேசினால் எதிர்ப்பேச்சே வராது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வகம் 2013-ஆம் ஆண்டிலேயே ‘மாக்’ என்ற மென்பொருளின் மூலம், திரையில் தோன்றும் ஒரு பாத்திரத்தை எதிரில் அமர்த்தி மாணவர்களை வேலை நேர்காணலுக்குப் பழக்கிப் பார்த்தது. அன்று ஆய்வகத்தில் மட்டும் இருந்த அந்த வசதி இன்று கைப்பேசியிலும், கண்களை மூடி மாட்டிக்கொண்டால் கணினி உருவாக்கும் சூழலுக்குள்ளேயே இருப்பதாக உணரவைக்கும் வி.ஆர். (மெய்நிகர் உண்மை) ஹெட்செட்டிலும் கிடைக்கிறது. அதைப் புதிதாகப் பயன்படுத்துவோருக்காக, வேலையை அடிக்கடி தாமதமாக முடிக்கும் சக ஊழியரிடம் அதைப் பற்றிப் பேசும் சூழலை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

‘நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர முடியாது. ‘அவர் மறுத்துப் பேசும்போது விளக்கம் கொடுக்க ஓடாமல், முதலில் ஒரு கேள்வி கேட்பேன்’ என்ற அளவுக்கு இலக்கைச் சுருக்கி, ஒரு தாளில் எழுதிவையுங்கள்.

படி 2: முதலில் ஹெட்செட் இல்லாமல் தொடங்குங்கள்

ஹெட்செட் வாங்கிய பிறகுதான் பயிற்சி என்று காத்திருக்க வேண்டியதில்லை. சொற்களைத் தேர்ந்தெடுப்பதையும் கேள்வி கேட்பதையும் பழக, குரலில் உரையாடும் ஏ.ஐ. செயலியே போதும். எதிரில் ஒருவர் அமர்ந்திருக்கும் உணர்வு, அவர் முகம் சுளிக்கும்போது நம் உடலில் ஏறும் படபடப்பு, பார்வையை விலக்காமல் பேசுவது ஆகியவற்றைப் பழகும்போதுதான் வி.ஆர். தேவைப்படும். கணினி இல்லாமல் தனித்தே இயங்கும், மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3, குவெஸ்ட் 3எஸ் போன்ற ஹெட்செட்டுகள் தொடக்கநிலையினருக்குப் போதுமானவை.

படி 3: பாத்திரத்தை எழுதுங்கள்

பயிற்சியின் பலன் பெரும்பாலும் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஆனால் பலரும் இரண்டு வரியில் முடித்துவிடுவதும் இதைத்தான். இச்செயலிகளை இயக்கும் ஏ.ஐ. மொழி மாதிரிகள் இயல்பிலேயே இணக்கமானவை. ‘தாமதமாக வேலை முடிக்கும் ஊழியராக நடி’ என்று மட்டும் சொன்னால், நீங்கள் வாயைத் திறந்ததுமே “நீங்கள் சொல்வது சரி, இனி கவனமாக இருக்கிறேன்” என்று பணிந்துவிடும். அப்படிப்பட்ட ஊழியர் உலகில் எங்கும் இல்லை. அவரோடு பழகினால் தன்னம்பிக்கை வளருமே தவிர, திறன் வளராது. ஆகவே பாத்திரத்துக்கு ஒரு மனநிலையும், சொல்லாமல் மறைக்கும் ஒரு காரணமும், எப்போது இளகலாம் என்ற நிபந்தனையும் கொடுக்க வேண்டும். ஒரு மாதிரி:

“நீ என் குழுவில் வேலை செய்பவர். கடந்த சில வேலைகளைத் தாமதமாக முடித்திருக்கிறாய். மற்றவர்களின் வேலையும் உன் தலையில் விழுவதுதான் காரணம். ஆனால் அதை நீயாகச் சொல்லமாட்டாய். குற்றம் சாட்டும் தொனியில் பேசினால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல். அறிவுரை சொன்னால் பேச்சை மாற்று. உன் வேலைச்சுமையைப் பற்றி நான் உண்மையாகவே விசாரித்து, உன் பதிலுக்குப் பிறகு இன்னொரு கேள்வியும் கேட்டால் மட்டும் காரணத்தைச் சொல். ஒவ்வொரு முறையும் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் பேசாதே. நான் ‘ஒத்திகை முடிந்தது’ என்று சொல்லும் வரை பாத்திரத்தை விட்டு வெளியே வராதே, என்னைப் பாராட்டாதே.”

கடைசி இரண்டு நிபந்தனைகளை விட்டுவிடாதீர்கள். வாக்கிய வரம்பு வைக்காவிட்டால் எதிராளி சொற்பொழிவாற்றத் தொடங்கிவிடுவார். பாராட்டுக்குத் தடை போடாவிட்டால் நடுவிலேயே “மிக நன்றாகக் கேட்டீர்கள்” என்று முதுகில் தட்டுவார். உண்மையான சக ஊழியரின் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இக்குறிப்பில் எழுத வேண்டாம். ஹெட்செட் பதிவுசெய்யும் அசைவுகளும் அந்தரங்கத் தகவல்களே: தலையும் கைகளும் அசையும் விதத்தை மட்டும் கொண்டு, 50,000-க்கும் மேற்பட்டோரிடையே ஒருவரைப் பெரும்பாலும் சரியாக அடையாளம் காண முடியும் என்று 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. செயலியின் பதிவு அமைப்புகளை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

படி 4: ஹெட்செட்டைச் சரிசெய்தல்

உரையாடல் பயிற்சிச் செயலிகளில் பாத்திரக் குறிப்பை நீங்களே எழுத அனுமதிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர். லென்ஸ்களை உங்கள் அளவுக்கு நகர்த்தாவிட்டால் எதிராளியின் முகம் மங்கலாகத் தெரியும், தலையும் வலிக்கும். நாற்காலியில் அமர்ந்தே பயிலுங்கள். காட்சி நகராமல் இருப்பதால் உரையாடல் பயிற்சியில் தலைசுற்றல் அரிது. வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். ஓர் அமர்வுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

படி 5: பேசுங்கள், தாமதத்தைத் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள்

மனிதர்களின் உரையாடலில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி பொதுவாக 200 மில்லி நொடிகளை ஒட்டியே இருக்கும். வி.ஆர். பாத்திரமோ, உங்கள் குரலை எழுத்தாக்கி, பதிலை உருவாக்கி, அதை மீண்டும் குரலாக்கி, உதட்டசைவையும் பொருத்த வேண்டும்; அதற்குள் ஓரிரு நொடிகள் ஓடிவிடுவதுண்டு. அந்த மௌனத்தைக் கோபம் என்றோ தயக்கம் என்றோ எடுத்துக்கொண்டு, புதியவர்கள் அடுத்தடுத்துப் பேசி இடைவெளியை நிரப்புவார்கள். இது கெட்ட பழக்கமாகவே ஒட்டிக்கொள்ளும். எனவே கேள்வி கேட்டதும் வாயை மூடிக் காத்திருங்கள்; இடைமறிப்பது, பேச்சை வாங்கிக்கொள்வது போன்ற நேரம் சார்ந்த திறன்களை மனிதர்களோடு பழகுவதற்கு ஒதுக்கிவையுங்கள்.

பாத்திரம் “எல்லாம் சரியாகத்தான் போகிறது” என்று ஒற்றை வரியில் முடித்துக்கொண்டால், நம் நாக்கு “அப்படியென்றால் அறிக்கை ஏன் தாமதமானது?” என்றுதான் புரளும். அது விசாரணை. “இந்த வாரம் உங்கள் கையில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன?” என்று கேட்டுப் பாருங்கள், வரும் பதிலில் உள்ள ஒரு வேலையைப் பிடித்து அடுத்த கேள்வியைக் கேளுங்கள். எழுதிய நிபந்தனை நிறைவேறி, பாத்திரம் மெல்ல இளகுவதைக் காண்பீர்கள்.

படி 6: மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு உரைப்பதிவைப் படியுங்கள்

பேச்சின் வேகம், ‘வந்து’, ‘அதாவது’ போன்ற நிரப்புச் சொற்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எண்ணிச் சொல்வதில் இயந்திரத்தை ஓரளவு நம்பலாம். ஆனால் ‘கண் தொடர்பு 80 சதவீதம்’ என்று திரையில் காட்டினால் கொஞ்சம் ஐயப்படுங்கள். குவெஸ்ட் 3, 3எஸ் ஆகியவற்றில் கண்ணசைவைக் கண்காணிக்கும் உணரி கிடையாது. உங்கள் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையே செயலி அளக்கிறது. தலையை நேராக வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாலும் முழு மதிப்பெண் வரும். ‘பரிவு’, ‘தன்னம்பிக்கை’ என்று தரப்படும் மதிப்பெண்களை நான் பொருட்படுத்துவதே இல்லை. அவை எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்று செயலிகள் பெரும்பாலும் விளக்குவதில்லை.

உரையாடலின் எழுத்து வடிவத்தை எடுத்து, முதல் படியில் எழுதிய இலக்கோடு ஒப்பிடுங்கள். பாத்திரம் மறுத்த இடங்களைக் கோடிட்டு, அடுத்து நீங்கள் சொன்னது கேள்வியா, விளக்கமா, சமாதானமா என்று ஓரத்தில் குறித்துவையுங்கள். இதற்கு ஏ.ஐ.யின் உதவியை நாடினால், “நான் எப்படிப் பேசினேன்?” என்று கேட்காமல், “அவர் மறுத்த பிறகு நான் கேள்வி கேட்காத இடங்களை என் வாக்கியங்களோடு எடுத்துக் காட்டு, மதிப்பீடு வேண்டாம்” என்று கேளுங்கள். தமிழில் பேசினால் குரலை எழுத்தாக்கும்போது சொற்கள் சிதைவதுண்டு. அதனால் ஒலிப்பதிவையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

படி 7: இருக்கையை மாற்றுங்கள்

அதே குறிப்பைத் தலைகீழாக எழுதி, ஏ.ஐ.யை உங்கள் இடத்தில் அமர்த்தி, நீங்கள் தாமதப்படுத்தும் ஊழியராகப் பேசுங்கள். முந்தைய உரைப்பதிவில் நீங்கள் பேசிய வாக்கியங்களையே அது பேசும்படி சொல்வது இன்னும் நல்லது. “எல்லாருக்கும்தான் வேலை இருக்கிறது” என்ற வரி, சொல்லும்போது நியாயமாகத் தோன்றியிருக்கும்; ஹெட்செட்டுக்குள், ஒரு மேசை தூரத்தில் இருக்கும் முகத்திலிருந்து அதைக் கேட்கும்போது பதில் பேசவே தோன்றாது. அப்படி உங்கள் வாயை அடைத்த வரிகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று வரி ஒன்றை எழுதி, மீண்டும் உங்கள் இருக்கையிலிருந்தே பேசிப் பாருங்கள். பாத்திரத்தின் பதில்களை முன்கூட்டியே ஊகிக்க முடிகிற நிலை வந்ததும் மறைத்த காரணத்தை மாற்றுங்கள். புதிய காரணத்தை இன்னொருவரை எழுதவைத்து, நீங்கள் படிக்காமலே பாத்திரக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.